‘கிளைம்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அடியிலிருந்து நுனிவரை அறிதல்: பொருளும் பிறப்பும் பற்றிய முழுமையான வழிகாட்டி

ஆண்டுதோறும் கல்லூரி திறந்த முதல் வாரத்தில், வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த பயணத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தருமாறு முதலாண்டு மாணவர்களிடம் கேட்பது என் வழக்கம். அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில், திசையன்விளை எனப் பல ஊர்களிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து படிக்கும் அந்தப் பிள்ளைகளின் தாள்களில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: ‘ஐ கிளைம்ட் தி பஸ்.’ பேருந்தில் ஏறினேன் என்று சொல்லத்தான் அவர்கள் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் இதைப் படித்தால், பேருந்தின் பின்புறக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு ஒருவர் அதன் கூரைக்குத் தொற்றி ஏறுவதாகவே புரிந்துகொள்வார். இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் ஏன் பிசகுகிறது என்ற கேள்விக்கு விடை, அந்தச் சொல் பிறந்த இடத்தில் இருக்கிறது.

எனக்கு அந்த விடை அகராதியில் கிடைப்பதற்கு முன்பே எங்கள் ஊர்த் தேரிக்காட்டில் கண்முன் இருந்தது. என் பெரியப்பா பனையேறியவர். தளைநாரைக் காலில் மாட்டி, இரு கைகளாலும் மரத்தைக் கட்டித் தழுவி, உடல் முழுவதையும் மரத்தோடு ஒட்டவைத்து அவர் ஏறுவதைச் சிறு வயதில் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். அவர் செய்ததுதான் ‘கிளைம்’ என்பதன் முதற்பொருள் என்று பின்னாளில் அறிந்தபோது, ஒரு சொல்லை வேரிலிருந்து படிப்பதன் பயனும் எனக்கு விளங்கியது. அந்த வழியையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கற்பவர் கையில் சொற்பிறப்பு விளக்கமும் தரும் ஓர் ஆங்கில அகராதி இருக்கட்டும். கைபேசியில் இருப்பதே போதும்.

முதற்படி: ஒலியைச் சரியாகப் பிடித்தல்

இச்சொல்லின் எழுத்துகள் சி, எல், ஐ, எம், பி என ஐந்து. ஐந்தையும் ஒலிக்க முயன்று ‘கிளிம்ப்’ என்போர் நம்மிடையே பலர். சரியான ஒலிப்பு ‘கிளைம்’ என்பதே. ‘கிளைமர்’, ‘கிளைமிங்’, ‘கிளைம்ட்’ ஆகிய வடிவங்களிலும் ‘பி’ ஒலிப்பதில்லை.

ஒலிக்காத எழுத்து எதற்காக நிற்கிறது என்று மாணவர்கள் கேட்பது நியாயமானது. ஒரு காலத்தில் அது ஒலித்தது. பழைய ஆங்கிலத்தில் இந்த வினையின் வடிவம் ‘கிளிம்பன்’. அதன் இறுதியில் இருந்த ‘அன்’, நம் ‘ஏறுதல்’ என்பதில் உள்ள ‘தல்’ போன்ற விகுதி. பின் வந்த நூற்றாண்டுகளில் அவ்விகுதி தேய்ந்து உதிர்ந்தது. உயிரொலியின் துணையை இழந்து சொல்லின் கடைசியில் தனியே நின்ற ‘ப்’ ஒலி, இடைக்கால ஆங்கிலத்தின் பிற்பகுதியில் மறைந்தது. எழுத்து மட்டும் தங்கிவிட்டது. தமிழில் கரும்பு, எறும்பு, நரம்பு எனச் சொல்லின் கடைசியில் ஓர் உகரம் நின்று பகரத்தைத் தாங்குகிறது. அந்த உகரம் ஆங்கிலத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டால் இது மறக்காது. பின்னால் உயிரொலி எப்போதும் நின்ற ‘டிம்பர்’, ‘நம்பர்’ போன்ற சொற்களில் ‘ப்’ இன்றும் ஒலிக்கிறது என்பது இதற்குச் சான்று.

இன்னொரு கேள்வியும் உண்டு. கை, கால் ஆகிய உறுப்புகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே போன்ற எழுத்துகள்தாம். ஆனால் அதை ‘லிம்’ என்கிறோம், ‘லைம்’ என்பதில்லை. ஏன்? பழைய ஆங்கிலத்தின் பிற்பகுதியில், ‘ம்ப்’, ‘ண்ட்’, ‘ல்ட்’ போன்ற ஒலிக்கூட்டங்களுக்கு முன் நின்ற குற்றுயிர் நீண்டது. ‘கிளிம்ப்’ என்பது ‘கிளீம்ப்’ ஆயிற்று. பிறகு 15ஆம் நூற்றாண்டளவில் தொடங்கிய பெரும் உயிரொலி மாற்றத்தில் நெடில் ஈகாரங்கள் ஐகாரத்தை ஒத்த ஒலியாக மாறியபோது அது ‘கிளைம்’ ஆயிற்று. ‘சைல்ட்’, ‘ஃபைண்ட்’ ஆகியவையும் இவ்வழியில் வந்தவையே. உறுப்பைக் குறிக்கும் சொல்லிலோ ‘பி’ என்னும் எழுத்து தொடக்கத்தில் இல்லவே இல்லை. மற்றச் சொற்களைப் பார்த்து எழுதியவர்கள் பிற்காலத்தில் சேர்த்தது அது. ஒலிக்கூட்டமே இல்லாதபோது உயிர் நீளக் காரணமில்லை. ஆகவே ‘கிளைம்’ என்பதன் ‘பி’ பிறவியிலேயே உடன்வந்தது. ‘லிம்’ என்பதன் ‘பி’ பின்னர் ஒட்டியது. பெருவிரலைக் குறிக்கும் ‘தம்’, ரொட்டித் துணுக்கைக் குறிக்கும் ‘கிரம்’ ஆகியவற்றின் கடைசி எழுத்தும் அவ்வாறு பின்னர் ஒட்டியதே.

இரண்டாம் படி: இன்றைய பொருள்களைப் பிரித்துப் பார்த்தல்

அகராதி பல பொருள்களைத் தரும். அவற்றை மனப்பாடம் செய்ய முற்படாமல், ஒவ்வொரு பயன்பாட்டிலும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். மேல்நோக்கிய நகர்வு இருக்கிறதா? கைகால்களால் பற்றி, ஊன்றி, முயன்று நகர்வது இருக்கிறதா?

பனைமரத்தில் ஏறுதல், குற்றாலத்துப் பாறையில் தொற்றி ஏறுதல் ஆகியவற்றில் இரண்டும் உள்ளன. இவை சொல்லின் நடுப்பொருள்கள். விமானம் மேலெழுவது, புகை எழுவது, வெயில் உச்சிக்கு வருவது, விலையோ காய்ச்சலோ கூடுவது ஆகியவற்றில் பற்றுதல் இல்லை. மேல்நோக்கு மட்டும் உண்டு. மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைக்குச் செல்லும் சாலை வளைந்து வளைந்து உயர்வதை ‘தி ரோடு கிளைம்ஸ்’ என்பார்கள். சாலை நகர்வதே இல்லை, அதன் வழியே செல்லும் நம் கண்தான் ஏறுகிறது. இதற்கு மாறாக, சன்னல் வழியாக உடலை வளைத்து உள்ளே நுழைவது, நெருக்கடியான காரின் பின்னிருக்கையில் புகுவது, மரத்திலிருந்து தவழ்ந்து இறங்குவது ஆகியவற்றில் மேல்நோக்கு இல்லை; பற்றி முயலும் நகர்வு மட்டும் உண்டு. இவற்றுக்கும் ஆங்கிலம் ‘கிளைம்’ என்ற சொல்லையே ஆள்கிறது. ‘கிளைம் த்ரூ’, ‘கிளைம் இன்டு’, ‘கிளைம் டவுன்’ என்று பக்கத்தில் ஒரு சிறு சொல் சேர்ந்து திசையைக் காட்டிவிடும்.

இந்த இரு கூறுகளையும் மொழியியலாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சார்லஸ் ஃபில்மோர் இதைக் கவனப்படுத்தினார். ரே ஜாக்கென்டாஃப் 1985இல் இந்த ஒரு சொல்லுக்காகவே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவர்கள் காட்டிய விதி எளியது: இரண்டு கூறுகளில் ஒன்று இல்லாமற்போகலாம், இரண்டுமே இல்லாமற்போகக் கூடாது. குரங்கு கொடிக்கம்பத்திலிருந்து இறங்கும்போது ‘கிளைம்ட் டவுன்’ எனலாம், ஏனெனில் அது பற்றிப் பற்றி இறங்குகிறது. நத்தை கம்பத்தில் மேலே போனால் ‘கிளைம்ட்’ எனலாம், ஏனெனில் மேல்நோக்கு உண்டு. அதே நத்தை கீழே வந்தால் ‘கிளைம்ட் டவுன்’ என்பது ஆங்கிலேயர் காதுக்குப் பொருந்தாது. நத்தைக்குக் கை கால் இல்லை, போவதும் கீழே, இரண்டு கூறுகளும் போய்விட்டன.

நம் வட்டாரத்தில் இதைச் சோதிக்கச் செங்கோட்டை–புனலூர் ரயில்பாதையைவிட நல்ல இடம் இல்லை. மலையைக் குடைந்து போடப்பட்ட அந்தப் பாதையில், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவை நோக்கிச் செல்லும் வண்டியை ‘தி ட்ரெய்ன் கிளைம்ட்’ என்று எழுதலாம். ஆரியங்காவுக்கு அப்பால் புனலூரை நோக்கி அது இறங்குவதை ‘கிளைம்ட் டவுன்’ என்று எழுதக் கூடாது. ‘கேம் டவுன்’ அல்லது ‘டிசென்டட்’ என்றே எழுத வேண்டும். ஒரே வண்டி, ஒரே பாதை, ஒரே பயணம்; கணவாயைத் தாண்டியதும் வினை மாறிவிடுகிறது.

இதோடு ஒரு நுட்பத்தையும் கற்றுக்கொள்வது நல்லது. ‘கிளைம்’ என்பதை அடுத்து ஏறப்படும் பொருளை நேரடியாக வைத்தால், உச்சிவரை சென்றுவிட்டதாகப் பொருள்படும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையில் பாதி வழியில் திரும்பிவிட்டவர் ‘ஐ கிளைம்ட் தி ஹில்’ என்று எழுதினால் அது உண்மைக்கு மாறானது. ‘அப்’ என்ற சிறு சொல்லை இடையில் வைத்து ‘கிளைம்ட் அப்’ என்றும், பாதி வழி என்பதையும் சேர்த்தும் எழுதினால் பிழையில்லை. தமிழில் ‘மலையேறினேன்’, ‘மலையில் ஏறினேன்’ என்ற இரண்டுக்கும் இவ்வளவு வேறுபாடு இல்லாததால், நம் மாணவர்கள் இதைத் தனியே கற்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் படி: அகராதியின் பிறப்புக் குறிப்பைப் படித்தல்

பெரும்பாலோர் தாண்டிச் செல்லும் பகுதி இது. சொல்லின் தலைப்பிலோ இறுதியிலோ அடைப்புக்குள் சிறிய எழுத்தில் இருக்கும். பழைய ஆங்கிலம், இடைக்கால ஆங்கிலம் என்பன சுருக்கமாகக் குறிக்கப்பட்டிருக்கும். தோராயமாக, 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பழைய ஆங்கிலம். அதன்பின் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இடைக்கால ஆங்கிலம். ஒரு சொல்லின் முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அவ்வடிவம் எந்த ஏட்டிலும் நேரடியாகக் கிடைக்கவில்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டமைத்தது என்று பொருள். இந்தக் குறியைக் கவனியாமல் மீட்டமைத்த வடிவத்தைக் கல்வெட்டில் கண்டதுபோல் எடுத்துப் பேசுவோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

நம் சொல்லின் குறிப்பு ‘கிளிம்பன்’ என்ற பழைய ஆங்கில வடிவத்தில் தொடங்கி, ஜெர்மன், டச்சு மொழிகளின் ‘கிளிமென்’ என்ற உறவுச் சொற்களைக் காட்டும். மேற்கு ஜெர்மானியக் கிளைக்கு இது பொதுச் சொத்து. ஆகவே இலத்தீனிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ கடனாக வராமல், ஆங்கிலத்தின் சொந்த வீட்டில் பிறந்தது இது.

இறந்தகால வடிவங்களில் ஒரு பழைய வரலாறு ஒளிந்திருக்கிறது. ‘சிங்’ என்பது ‘சாங்’, ‘சங்’ என உள்ளே இருக்கும் உயிரை மாற்றிக் காலம் காட்டுவதை நாம் அறிவோம். ‘கிளிம்பன்’ என்பதும் அதே வகுப்பைச் சேர்ந்த வினைதான். ஒருவர் ஏறினார் என்பதற்கு ‘கிளாம்ப்’ அல்லது ‘கிளோம்ப்’, பலர் ஏறினர் என்பதற்கு ‘கிளும்பன்’ எனப் பழைய ஆங்கிலத்தில் வழங்கியது. இடைக்காலத்தில் ‘எட்’ என்ற விகுதி சேர்க்கும் எளிய முறை மெல்ல மெல்ல நுழைந்து, இன்று ‘கிளைம்ட்’ மட்டுமே பொது வழக்கில் நிற்கிறது. பழைய வடிவம் கவிஞர்களிடமும் சில வட்டாரப் பேச்சுகளிலும் நெடுநாள் தங்கியிருந்தது. பெயர்ச்சொல்லாக, அதாவது ‘ஒரு ஏற்றம்’ என்ற பொருளில் இது வழங்கத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

நான்காம் படி: வேருக்குச் செல்லுதல்

‘கிளிம்பன்’ என்பதன் நடுவில் நிற்கும் ‘ம்’ என்ற மெல்லொலியை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது ஒட்டிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய ஒரு பழைய ஜெர்மானிய வேர். ‘கிளைம்’ அந்த வேரின் மெல்லொலி சேர்ந்த வடிவம் என்பதே சொற்பிறப்பு அறிஞர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அப்படியானால் இதன் முதற்பொருள் ‘பற்றிக்கொண்டு போதல்’, ‘ஒட்டி ஒட்டி நகர்தல்’ என்பதாகும். மேலே போவது அதன் விளைவு. பற்றுவதுதான் அதன் உயிர். இரண்டாம் படியில் சன்னலும் காரின் பின்னிருக்கையும் ‘டவுன்’ என்ற சொல்லும் எப்படி இச்சொல்லோடு பொருந்தின என்பதற்கு விளக்கம் இங்கே கிடைத்துவிடுகிறது. ஆத்தூர்ப் பக்கத்துக் கொடிக்காலில் அகத்தியைப் பற்றிப் படரும் வெற்றிலைக் கொடியை ஆங்கிலத்தில் ‘கிளைமர்’ என்கிறார்கள். ஓராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பொருள் அந்தப் பயன்பாட்டில் கசங்காமல் இருக்கிறது.

ஒட்டுதல் என்னும் அந்த வேரிலிருந்து பிறந்த நேரடி உறவு, ‘கிளீவ்’ என்ற சொல். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், கணவன் மனைவியோடு இசைந்திருப்பதைக் குறிக்க இச்சொல்லே வருகிறது. பிளத்தல் என்ற நேர்மாறான பொருளில் இதே எழுத்துகளோடு இன்னொரு ‘கிளீவ்’ உண்டு. அது வேறு வேரிலிருந்து வந்தது, இதனோடு குழப்பக் கூடாது. இன்னும் ஆழத்தில், களிமண்ணைக் குறிக்கும் ‘கிளே’, இலத்தீன் வழியாக வந்த ‘குளூ’ என்னும் பசை, கோதுமையின் ‘குளூட்டன்’ ஆகியவையும் இதே ஒட்டும் குடும்பத்தில் வைக்கப்படுகின்றன. தமிழைப் போல வேர்ச்சொல்லோடு உருபுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் செல்லும் மொழிகளை ஒட்டுநிலை மொழிகள் என்கிறோம் அல்லவா, அதற்கான ஆங்கிலக் கலைச்சொல்லும் இலத்தீன் ‘குளூட்டன்’ என்பதிலிருந்தே ஆக்கப்பட்டது. பனையோடு ஒட்டிய உடலும், சொல்லோடு ஒட்டிய உருபும் ஒரே சொற்குடும்பத்தில் இடம்பெறுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

வேர் ஆய்வில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இந்தச் சொல் பொது வழக்காவதற்கு முன் ஆங்கிலேயர் ‘ஏறு’ என்பதற்கு எதைச் சொன்னார்கள்? பழைய ஆங்கிலத்தில் மேலே செல்வதற்கு ‘ஸ்தீகன்’ என்ற வினை பரவலாக வழங்கியது. ஜெர்மன் மொழியில் அதன் உறவான ‘ஷ்டைகென்’ இன்றும் நலமாக வாழ்கிறது. ஆங்கிலத்தில் வினை இறந்துவிட்டாலும் அதன் பிள்ளைகள் இருக்கிறார்கள். படிக்கட்டைக் குறிக்கும் ‘ஸ்டேர்’, வேலியைத் தாண்டப் போடும் படியைக் குறிக்கும் ‘ஸ்டைல்’ ஆகியவை அதிலிருந்து வந்தவை. நாகரிகப் பாணியைக் குறிக்கும் ‘ஸ்டைல்’ வேறு சொல். எல்லாவற்றிலும் அழகானது, குதிரைச் சேணத்தின் அங்கவடியைக் குறிக்கும் ‘ஸ்டிரப்’. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஸ்திக்ராப்’. சொல்லுக்குச் சொல் பொருள் ‘ஏறு கயிறு’. எங்கள் ஊரில் பெரியப்பாவின் வீட்டுச் சுவரில் தொங்கிய தளைநாருக்கும் அதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

ஐந்தாம் படி: ஒத்த ஒலியை உறவு என்று நம்பாதிருத்தல்

இந்தப் படியை நான் மிகுந்த அக்கறையோடு எழுதுகிறேன். ‘கிளைம்’ என்பது தமிழ்க் ‘கிளம்பு’ என்பதிலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. இரண்டிலும் ஒலி ஒத்திருக்கிறது. பொருளும் மேலெழுதலைத் தொட்டுச் செல்கிறது. தமிழ்மேல் உள்ள பற்றினால் சொல்லப்படுவது என்பதால் இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டியது நம் கடமை.

சோதனை முறை இது: இரு சொற்களையும் அவற்றின் பழைய வடிவத்தை நோக்கிப் பின்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். உண்மையான உறவு என்றால், பின்னால் போகப்போக நெருங்க வேண்டும். ‘கிளம்பு’ என்பதற்குத் தமிழிலேயே ‘கிளர்’ என்ற உறவு இருக்கிறது. கிளர்ச்சி, கிளர்தல் ஆகியவற்றில் மேலெழுதல், பொங்குதல் என்பதே அடிப்பொருள். ‘கிளைம்’ என்பதோ பின்னால் போகப்போக மெல்லொலியை இழந்து, மேலெழுதல் என்ற பொருளையும் இழந்து, களிமண்ணையும் பசையையும் நோக்கிச் செல்கிறது. இன்று அருகருகே நிற்பதுபோல் தோன்றும் இரண்டும் பழைய காலத்தில் வெவ்வேறு திசையில் இருக்கின்றன. ஆகவே இது தற்செயலான ஒற்றுமை. கிளையைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லோடு இதை இணைப்பதும் இவ்வாறே நிலைக்காது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் நமக்கு உண்மையாகவே உண்டு. கட்டுமரம் ‘காட்டமரான்’ ஆனதும், சுருட்டு ‘செரூட்’ ஆனதும், மிளகுத்தண்ணீர் ‘மல்லிகட்டானி’ ஆனதும் ஐயமற்றவை. அவை போன வழி தெரிகிறது: கடற்கரை, கப்பல், வணிகம், அயலவர் நம் மண்ணில் முதன்முதலாகப் பார்த்த பொருள். ‘ஏறுதல்’ போன்ற அன்றாட வினையை, கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே எழுதிவைத்திருந்த ஒரு மொழி, நம்மிடம் வாங்கியிருக்க வழியில்லை.

திசையன்விளைக்கு அருகிலுள்ள இடையன்குடியில் வாழ்ந்த இராபர்ட் கால்டுவெல், இந்த ஒப்பீட்டு முறையைக் கையாண்டே 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலியவற்றை ஒரே குடும்பமாக நிறுவியது காலத்தை வென்று நிற்கிறது. ஒலியும் இலக்கணமும் ஒழுங்கான முறையில் பொருந்தியதே அதற்குக் காரணம். அதே நூலில் அவர் திராவிட மொழிகளுக்கும், துருக்கி, ஃபின்னிஷ் முதலியவை அடங்கிய ‘சித்திய’ மொழிகளுக்கும் காட்டிய உறவை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. பனங்காட்டுக்கு நடுவே அமர்ந்து எழுதப்பட்ட அந்த நூலின் இரு பகுதிகளும் சொல்லாராய்ச்சி செய்வோருக்குப் பாடம்.

ஆங்கிலத்துக்குள்ளேயே ஒரு போலி உறவும் உண்டு. திரைப்படத்தின் உச்சக்கட்டத்தை நாம் எல்லோரும் ‘கிளைமாக்ஸ்’ என்கிறோம். உச்சிக்கு ஏறுவதால் அது ‘கிளைம்’ என்பதன் உறவு என்று தோன்றும், உறவில்லை. அது கிரேக்கச் சொல், பொருள் ஏணி. பேச்சுக்கலையில் கருத்துகளை ஏணிப்படிபோல் ஒன்றைவிட ஒன்று வலிதாக அடுக்கும் முறைக்குப் பெயராக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. உச்சக்கட்டம் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் எழுத்தில் காணப்படுகிறது. அதன் வேருக்குச் சாய்தல் என்று பொருள். சுவரில் சாய்த்து வைக்கும் ஏணியைக் குறிக்கும் ஆங்கிலத்தின் ‘லேடர்’, சாய்வதைக் குறிக்கும் ‘லீன்’, நிலத்தின் சாய்வைக் குறித்துப் பின் தட்பவெப்பத்தைக் குறித்த ‘கிளைமேட்’ ஆகியவை அந்தக் குடும்பம். ஒலியில் துளியும் ஒவ்வாத ‘லேடர்’ உறவாகவும், அச்சு அசலாக ஒத்த ‘கிளைம்’ அயலாகவும் இருப்பது இந்தப் படிக்குரிய நல்ல உதாரணம்.

ஆறாம் படி: அண்டைச் சொற்களோடு நிறுத்திப் பார்த்தல்

‘ரைஸ்’ என்பதும் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்தான். ஆனால் அதில் முயற்சி இல்லை, தானாக எழுவது. சூரியன் அடிவானத்தில் தோன்றுவது ‘ரைஸ்’. பிறகு உச்சியை நோக்கிப் போவதை ‘கிளைம்’ எனலாம். ஆறு ஓரிடத்தில் பிறப்பதையும் ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ என்றே சொல்வார்கள். தாமிரபரணி பொதிகையில் உற்பத்தியாகிறது என்பதற்கு ‘ரைசஸ்’ என்று எழுதுவது மிகச் சரியான ஆங்கிலம். இதைப் படித்து ஆறு மலைமேல் ஏறுகிறதா என்று திகைத்த மாணவர் உண்டு.

‘அசென்ட்’ இலத்தீன் வழி வந்தது. ‘ஸ்கான்டெரே’ என்ற இலத்தீன் வினையே அதன் அடி. அதற்கு ஒரு மிடுக்கு உண்டு. அரியணை ஏறுவதும், இயேசுவின் விண்ணேற்றமும் ‘அசென்ட்’ என்பதற்கு உரியவை. தமிழில் ‘ஏறு’ என்பதற்கு அருகில் ‘ஆரோகணம்’ என்ற வடசொல் வகிக்கும் இடத்தை, ஆங்கிலத்தில் ‘கிளைம்’ என்பதற்கு அருகில் ‘அசென்ட்’ வகிக்கிறது என்று சொன்னால் இசை தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். ‘ஸ்கேல்’ என்பதும் அதே இலத்தீன் வினையின் வழியில் பிறந்த, ஏணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கோட்டைச் சுவர், செங்குத்துப் பாறை போன்றவற்றுக்கு ஏற்றது. ‘மவுண்ட்’ பெரும்பாலும் குதிரையேற்றத்துக்கும் மேடைக்கும். சிவபெருமானை விடையேறி என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் ‘மவுண்டட்’ என்பதே பொருந்தும். ‘கிளைம்ட்’ என்றால் காளையின் மேல் தொற்றி ஏறியதாகிவிடும். தொற்றி, தவழ்ந்து, தடுமாறி ஏறுவதற்கு ‘கிளாம்பர்’ என்று தனிச்சொல் இருக்கிறது. அதில் ‘ப்’ ஒலிக்கும்.

ஏழாம் படி: தமிழ் ‘ஏறு’ என்பதோடு ஒப்பிட்டுப் பிழை களைதல்

நம் ‘ஏறு’ என்பதற்குப் பற்றுதல் தேவையில்லை; உயர்தல் போதும், மிகுதல் போதும், சில இடங்களில் உட்புகுதலே போதும். கன்னடத்திலும் மலையாளத்திலும் இதே வேர் உயர்தல், மிகுதல் என்ற பொருள்களோடு வாழ்கிறது. தமிழில் அது விரிந்த பரப்பு வியப்புக்குரியது. காலில் முள் ஏறும், இரும்பில் துரு ஏறும், உடலில் நஞ்சு ஏறும், பாடம் மண்டையில் ஏறும், கோயிலில் கொடி ஏறும், நாட்டியம் அரங்கேறும், எண்ணம் நிறைவேறும், வேற்றூரில் குடியேறுவோம். இவற்றில் ஒன்றைக்கூட ‘கிளைம்’ என்று மொழிபெயர்க்க முடியாது. ‘ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம்’ என்ற பழமொழியில் வரும் ‘ஏற’ என்பதும் ‘கிளைம்’ ஆகாது. எருதின் மேல் அமர்வதற்கு ‘கெட் ஆன்’ போதும்.

பயிற்சிக்காக, பனையேறியின் ஒரு நாளை இரு மொழியிலும் சொல்லிப் பார்க்குமாறு மாணவர்களிடம் கூறுவேன். மற்றவர்களும் செய்து பார்க்கலாம். விடியற்காலையில் சூரியன் எழுகிறது: ‘ரைஸ்’. பனையேறி தளைநாரை மாட்டி மரத்தில் ஏறுகிறார்: ‘கிளைம்’. பாளையைச் சீவி, கலயத்தில் ஊறிய பதனீரைச் சேர்த்துக்கொண்டு, மரத்தைப் பற்றியபடி இறங்குகிறார்: தமிழில் இறங்குதல், ஆங்கிலத்தில் ‘கிளைம் டவுன்’. ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் மரத்தை விடவில்லை என்பதால் ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே வினையைத் தருகிறது. திசை மாறியதால் தமிழ் இரண்டு வினைகளைத் தருகிறது. வெயில் ஏறுகிறது: ‘கிளைம்’ எனலாம். பதனீர் காய்ச்சும் அடுப்பிலிருந்து புகை எழுகிறது: ‘ரைஸ்’, ‘கிளைம்’ இரண்டும் பொருந்தும். இறங்கும் வழியில் பனஞ்சிராய் கையில் ஏறுகிறது: இரண்டும் பொருந்தா, ‘வென்ட் இன்’ என்க. கருப்பட்டி விலை ஏறுகிறது: ‘கிளைம்’, ‘ரைஸ்’ இரண்டும் பொருந்தும். மாலையில் கருப்பட்டிப் பெட்டியோடு அவர் திசையன்விளைக்குச் செல்லப் பேருந்தில் ஏறுகிறார்: ‘காட் ஆன் தி பஸ்.’ உள்ளே இடமில்லாமல், பின்புற ஏணியைப் பற்றிக்கொண்டு கூரைக்கே போயிருந்தால் மட்டும், ‘கிளைம்ட் ஆன்டு தி ரூஃப் ஆஃப் தி பஸ்.’